நன்றிக் கடிதம் தீர்ப்பாகாது

1970 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் செங்காலன் மாநில அரசு, எழுபத்தொன்பது வயதான ஒரு முன்னாள் காவல் அதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு யூத அகதிகளுக்கு அவர் காட்டிய மனிதநேயத்தை அந்தக் கடிதம் பாராட்டியது. அதே அரசுதான் 1939இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதே மாநிலத்தின் நீதிமன்றம்தான் 1940 இறுதியில் அவரைக் குற்றவாளி என்றது. கடிதம் வந்த பிறகும் அந்தத் தீர்ப்பு அப்படியே இருந்தது. பறிபோன ஓய்வூதியம் திரும்பவில்லை. பதினான்கு மாதம் கழித்து, 1972 பிப்ரவரியில், சட்டத்தின் ஏட்டில் குற்றவாளியாகவே பால் குரூனிங்கர் இறந்துபோனார். யூத இன அழிப்புக் காலத்தில் உயிர் காத்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அவர்களுடைய துணிச்சலை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நான் பேச விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தை. தன் சட்டத்தை மீறி உயிர் காத்தவரை ஒரு நாடு பாராட்டினால் மட்டும் போதாது. அவரைத் தண்டித்த தீர்ப்பையும், அந்தத் தண்டனைக்கு இடம் கொடுத்த சட்டத்தையும் திருத்த வேண்டும். திருத்தாத வரை அந்தப் பாராட்டு கடன் தீர்த்ததாகாது.

அவர் மீறியது எதை என்று முதலில் பார்க்க வேண்டும். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. வியன்னாவில் யூதர்களை நடுத்தெருவில் மண்டியிட வைத்து நடைபாதையைத் தேய்க்கச் சொன்னார்கள். சுற்றி நின்று கூட்டம் சிரித்தது. வீடும் கடையும் பறிபோயின. அடுத்த சில வாரங்களில் பலர் நாஜிகளின் டாக்கௌ வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பி ஓட முயன்றவர்களில் பலர் சுவிட்சர்லாந்தின் எல்லையை நோக்கி வந்தார்கள். ஆஸ்திரியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம் என்று சுவிஸ் அரசு உடனே அறிவித்தது. ஆனால் ஆஸ்திரியாவே ஜெர்மனியின் பகுதியாகிவிட்டதால் அந்தக் கடவுச்சீட்டுகள் ஜெர்மன் கடவுச்சீட்டுகளாக மாறத் தொடங்கின. ஜெர்மானியருக்கு விசா தேவையில்லை. எல்லா ஜெர்மானியருக்கும் விசா விதித்தால் வணிகமும் சுற்றுலாவும் பாதிக்கும். யூதர்களை மட்டும் பிரித்தறிய ஒரு வழி வேண்டும் என்று சுவிஸ் அதிகாரிகள் ஜெர்மனியோடு பேசினார்கள். அந்தப் பேச்சின் முடிவாக, 1938 செப்டம்பர் 29 உடன்பாட்டின்படி, ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் ‘ஜே’ என்ற எழுத்து முத்திரையாக விழுந்தது. கடவுச்சீட்டில் விழுந்த அந்த ஒற்றை எழுத்தில் நாஜிகளுக்கு மட்டுமல்லாமல் ஒரு நடுநிலை நாட்டின் குடியேற்றக் காவல் துறைக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டால் குரூனிங்கர் கதையில் பாதி போய்விடும்.

எல்லை அடைக்கப்பட்டது அதற்கும் முன்பே, 1938 ஆகஸ்ட் 19 அன்று. விசா இல்லாமல் அன்று முதல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தலைநகர் பெர்னிலிருந்து வந்த உத்தரவு. அதற்கு இரண்டு நாள் முன்பு மாநிலக் காவல் துறைப் பொறுப்பாளர்களின் கூட்டம் கூடியபோதே, மனிதத் தன்மையை நினைத்தால் இவர்களைத் திருப்பி அனுப்புவது இயலாத காரியம் என்று குரூனிங்கர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் 1925 முதல் செங்காலன் மாநிலக் காவல் துறையின் தலைவர். ரைன் நதியின் பழைய படுகை அந்த மாநிலத்தின் எல்லையில்தான் கிடக்கிறது. நதியை நேராக்கப் புதிய கால்வாய் வெட்டிய பிறகு அந்தப் பழைய படுகையில் தண்ணீர் குறைந்துபோயிற்று. சில இடங்களில் நடந்தே கடந்துவிடலாம். இரவில் ஹோஹெனெம்ஸ் பக்கத்திலிருந்து நீரில் இறங்கி, டீப்போல்ட்சௌ பக்கம் ஏறியவர்கள் நனைந்த துணியோடு வந்து நின்றது அவருடைய காவலர்கள் முன்னால்.

அவர் செய்த காரியம் பார்வைக்குச் சின்னது. வந்தவர்களைப் பதிவு செய்யும் படிவத்தில் எல்லை கடந்த நாள் என்று ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தில் ஆகஸ்ட் 19க்கு முந்தைய ஏதோ ஒரு தேதியை எழுதினார். தன் ஊழியர்களையும் எழுத வைத்தார். செப்டம்பரில் வந்தவரும் நவம்பரில் வந்தவரும் தாளில் ஜூலையில் வந்தவர் ஆனார்கள். தேதி முந்தியதாக இருந்தால் அகதி தங்கலாம். பிந்தியதாக இருந்தால் நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டபோவின் கைக்குப் போக வேண்டும். வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். டாக்கௌ முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்குக்கூட, விசாரணைக்கு நேரில் வரவேண்டும் என்று சுவிஸ் காவல் துறையின் அழைப்பாணை போயிற்று. அதைக் காட்டி வெளியே வந்தவர்கள் உண்டு. கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்களுக்குக் குளிர்கால உடை வாங்கத் தன் பணத்தைக் கொடுத்தார். இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் சில நூறு பேர் என்பதிலிருந்து 3,600 பேர் என்பது வரை கணக்குகள் மாறுபடுகின்றன. எண்ணிக்கையில் இழுபறி இருப்பதில் வியப்பில்லை. பொய்த் தேதி போட்டுப் பிழைக்க வைத்தவர் உண்மைக் கணக்கு எழுதி வைத்திருக்க முடியாது.

மத்தியக் காவல் துறைக்குச் சந்தேகம் வந்து, 1939 தொடக்கத்தில் விசாரணை நடந்தது. ஏப்ரலில் பணி இடைநீக்கம். அவர் தலைமை வகித்த அலுவலகத்துக்குள்ளேயே அவர் நுழையக் கூடாது என்று அவருக்குக் கீழே வேலை செய்த காவலர் வாசலில் சொல்ல வேண்டியதாயிற்று. மே மாதம் பதவி நீக்கம். ஓய்வூதிய உரிமை பறிபோயிற்று. பதவியை மீறியது, ஆவணத்தைத் திருத்தியது ஆகிய குற்றங்களுக்காக நீதிமன்றம் 300 பிராங்க் அபராதமும் வழக்குச் செலவும் விதித்தது. பணம் வாங்கினார், பெண்களிடம் சலுகை பெற்றார் என்ற வதந்தி ஊரெங்கும் உலவியது. லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் வதந்தி அவருடைய வாழ்நாள் முழுக்க நிழலாகத் தொடர்ந்தது. மழைக்கோட்டு விற்றார், கம்பளம் விற்றார், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், பள்ளியில் விடுப்பில் போன ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பாடம் நடத்தினார். மகள் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனார். நிலையான வேலை கடைசிவரை அமையவில்லை.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். அது அலட்சியப்படுத்தக் கூடிய வாதம் அல்ல. சட்டத்தைக் காக்க வேண்டிய காவல் அதிகாரி எந்தச் சட்டத்தை நிறைவேற்றலாம், எதை விடலாம் என்று தானே தீர்மானிக்கத் தொடங்கினால் குடிமக்களின் கதி என்ன? இன்று இரக்கத்துக்காக ஆவணத்தைத் திருத்துபவரை ஏற்றுக்கொண்டால், நாளை வெறுப்புக்காகத் திருத்துபவரை எதைச் சொல்லித் தடுப்பது? அன்றைய நீதிமன்றமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. அவருடைய நோக்கம் தன்னலமற்றது என்பதை அது ஒப்புக்கொண்டது. இருந்தும் அரசு ஊழியர் என்ற முறையில் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியது அவர் கடமை என்றது. நம் ஊர் அலுவலகங்களில் ‘ரூல்ஸ் இடம் கொடுக்காது’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படும். ஆனால் விதி எதற்காக இருக்கிறது என்ற கேள்வியை இந்த வாதம் தொடவே இல்லை. அதிகாரி விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நாம் கேட்பது, அவர் கையில் உள்ள அதிகாரத்திலிருந்து எளியவரைக் காப்பதற்கு. வெறுப்பினால் ஆவணத்தைத் திருத்துபவர் அந்தப் பாதுகாப்பை உடைக்கிறார். குரூனிங்கர் திருத்திய தேதியால் யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. யாருடைய உயிருக்கும் ஆபத்து வரவில்லை. எரிகிற வீட்டுக்குள் இருக்கும் குழந்தையைத் தூக்கிவரக் கதவை உடைத்தவர்மேல் அத்துமீறல் வழக்குப் போடுவதில்லை. வேறு வழியில்லாத நெருக்கடியில் பிறர் உயிரைக் காக்கச் செய்த மீறலுக்கு உலகின் குற்றவியல் சட்டங்கள் பலவற்றில் விலக்கு உண்டு. 1940இல் செங்காலன் நீதிமன்றம் அந்தக் கண்ணோட்டத்தில் வழக்கைப் பார்க்கவில்லை.

சின்ன நாடு, சுற்றிலும் ஆபத்து, வந்தவர்களையெல்லாம் ஏற்றால் நாடு தாங்குமா என்பது அடுத்த வாதம். போர் தொடங்கிய பிறகு அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. சுவிட்சர்லாந்து ஏறத்தாழ 21 ஆயிரம் யூதர்களுக்குப் போர்க் காலத்தில் புகலிடம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆனால் நாம் பேசும் உத்தரவு 1938 ஆகஸ்டில் வந்தது. போர் தொடங்க இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. செலவு என்றால், யூத அகதிகளைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு பெரும்பாலும் சுவிஸ் யூதர்களின் தலையிலேயே போட்டிருந்தது. நாடு முழுவதும் அவர்கள் சுமார் 18 ஆயிரம் பேர். செங்காலனில் அந்த வேலையை நடத்தியவர் சிட்னி ட்ரைஃபுஸ். குரூனிங்கரோடு சேர்ந்து அகதிகளைப் பதிவு செய்து, தங்க வைத்து, உணவு கொடுத்தவர் அவர். அவருடைய மகள் ரூத் ட்ரைஃபுஸ் 1999இல் சுவிட்சர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். ஒரு நாடு தாங்க முடியாது என்று சொன்ன கூட்டத்தைத் தாங்கிய குடும்பங்களில் ஒன்று பின்னாளில் அந்த நாட்டுக்கே தலைமை ஏற்றது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. பெரும்பாலும் கைவிரித்துவிட்டுக் கலைந்தன. ஆகவே சுவிட்சர்லாந்து மட்டும் கல்நெஞ்சம் கொண்டதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் செய்தார்கள் என்பது ஒரு நாட்டின் தவறைப் புரிந்துகொள்ள உதவும்; அந்தத் தவறுக்கு உடன்பட மறுத்தவரைத் தண்டித்ததற்கு அது சமாதானம் ஆகாது.

அன்று யாருக்கும் விஷவாயு அறைகளைப் பற்றித் தெரியாதே என்பார்கள். உண்மை, 1938இல் தெரியாது, ஏனென்றால் அவை இன்னும் கட்டப்படவில்லை. தெரிந்திருந்தது வேறு. வியன்னாத் தெருக் காட்சிகள் செய்தித்தாள்களில் வந்தன. டாக்கௌ என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 9 இரவு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன. திருப்பி அனுப்பப்படுபவரை எல்லைக்கு அந்தப் பக்கம் யார் எதிர்கொள்வார்கள் என்பதை அறிய ஓர் எல்லைக் காவலருக்குப் பெரிய உளவுத் தகவல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டக் கொலைகள் பற்றிய செய்தி சுவிஸ் அதிகாரிகளை எட்டிய 1942இல் எல்லை திறந்ததா? அந்த ஆகஸ்டில் அது இன்னும் இறுக்கமாக அடைக்கப்பட்டது. நீதித் துறை அமைச்சர் ஃபோன் ஸ்டைகர் நாட்டை நிரம்பி வழியும் சிறு படகுக்கு ஒப்பிட்டுப் பேசினார். தெரியாததால் அடைத்தோம் என்பவர்கள் தெரிந்த பிறகு திறந்திருக்க வேண்டும். போர்க் கால சுவிட்சர்லாந்தை ஆராய 1996இல் நாடாளுமன்றமே அமைத்த பெர்ஜியே குழு, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்று பதிவு செய்தது. சரியான எண்ணைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. அந்தக் கொள்கை பலரைச் சாவுக்கு அனுப்பியது என்பதில் விவாதம் இல்லை.

குரூனிங்கரைப் புனிதராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் பெரிய சிந்தனையாளர் அல்ல; கட்சி கட்டிய போராளியும் அல்ல. ஆசிரியராக இருந்து காவல் துறைக்கு வந்தவர். இளமையில் ப்ரூல் கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர். 1915இல் அந்தக் கழகம் சுவிஸ் சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தவர். மேலதிகாரிகளுக்கு இணக்கமான, ஊர் மதித்த ஓர் அலுவலர். இந்தச் சாதாரணத் தன்மையை நாம் இழந்துவிடக் கூடாது. உயிர் காத்தவர்களை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால், அதே நாற்காலியில் உட்கார்ந்து வேறுவிதமாக நடந்துகொண்ட மற்றவர்களிடம் கேள்வி கேட்க முடியாமல் போகிறது. மற்ற எல்லையோர மாநிலங்களிலும் காவல் தலைவர்கள் இருந்தார்கள், படிவங்கள் இருந்தன, தேதி எழுதும் இடமும் இருந்தது. ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் இருந்த சுவிஸ் துணைத்தூதரகத்தில் விசா கொடுத்து யூதர்களுக்கு உதவிய எர்னஸ்ட் ப்ரொடொலியேவும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார். போர்ச்சுகல் நாட்டுத் துணைத்தூதர் அரிஸ்டிடெஸ் டி சூசா மெண்டெஸ் 1940 ஜூனில் போர்தோ நகரில் அரசின் தடையை மீறி அகதிகளுக்கு விசா வழங்கினார். பதவி போய், வறுமையில் 1954இல் இறந்தார். போர்ச்சுகல் நாடாளுமன்றம் அவருக்கு நீதி வழங்க 1988 வரை ஆயிற்று. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு அரசுகள். உத்தரவை மீறி உயிர் காத்த தன் ஊழியரை அந்த அரசுகள் நடத்திய விதம் மட்டும் ஒன்று.

செங்காலனில் நீதி வந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் 1971இலேயே குரூனிங்கருக்கு ‘உலக நாடுகளின் நேர்மையாளர்’ என்ற மதிப்பை அளித்துவிட்டது. வெளிநாடு போற்றிய பிறகும் சொந்த மாநிலம் வழக்கைத் திரும்ப எடுக்க மறுத்தது; குடும்பத்தினரும் ஆதரவாளர்களும் கேட்ட ஒவ்வொரு முறையும் கதவு சாத்தப்பட்டது. 1993இல் பத்திரிகையாளர் ஸ்டெஃபான் கெல்லர் பழைய கோப்புகளைத் தேடிப் படித்து, உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்து ஒரு நூல் எழுதினார். வதந்திகளின் அடித்தளம் சரிந்தது. அதே ஆண்டு மாநில அரசும், அடுத்த ஆண்டு மத்திய அரசும் அவருடைய பெயரைத் துடைத்தன. 1995 நவம்பர் 30 அன்று, அவரைத் தண்டித்த அதே மாவட்ட நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரித்து அவரை விடுவித்தது. ஆபத்தில் இருந்தவர்களைக் காக்கவே அவர் சட்டத்தை மீறினார், ஆகவே அந்தச் செயல் நியாயமானது என்பது தீர்ப்பின் சாரம். அவர் இறந்து அப்போது இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 1998இல் மாநிலம் 13 லட்சம் பிராங்க் இழப்பீடு வழங்கியது; வாரிசுகள் அதை அவர் பெயரிலான அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள்.

செத்துப்போனவரை விடுவித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் அதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. நாஜிக் காலத்தில் அகதிகளுக்கு உதவியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் குரூனிங்கர் மட்டும் அல்லர். இருட்டில் வழிகாட்டியவர்கள், வீட்டில் ஒளித்து வைத்தவர்கள், குழந்தைகளைக் கையைப் பிடித்து வேலி தாண்டி அழைத்து வந்தவர்கள் எனப் பலர் இருந்தார்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது, நூல் கிடையாது. 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் அவர்களுடைய தண்டனைகளையும் ரத்து செய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் துடைக்கப்பட்டன. ஜெனீவா எல்லையில் யூதக் குழந்தைகளை அழைத்து வந்ததற்காக 1945இல் தண்டிக்கப்பட்ட அய்மே ஸ்டிட்டெல்மான் தன் முதுமையில் அதைக் கண்ணால் பார்த்தார். 1970 கடிதம் ஒரே ஒருவரைப் பாராட்டியது. அதனால் இன்னொருவருக்குக் கடுகளவும் பயன் விளையவில்லை. 1995 தீர்ப்புக்குப் பின் சட்டமே நகர்ந்தது. நான் தீர்ப்பை இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் அந்த 2004 சட்டம் நாஜிக் காலத்தோடு நின்றுவிட்டது. இன்றைய சுவிஸ் சட்டத்தில், அனுமதியின்றி நாட்டுக்குள் வருபவருக்கு உதவுவது, கைம்மாறு கருதாமல் செய்தாலும் குற்றம். தன்னலமற்ற உதவிக்கு விலக்குக் கேட்ட ஒரு முன்மொழிவை 2020இல் நாடாளுமன்றத்தின் கீழவை நிராகரித்தது. விலக்குக் கொடுத்தால் ஆட்கடத்தும் கும்பல்கள் அதில் ஒளிந்துகொள்ளும் என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. காசு வாங்கிக்கொண்டு மனிதர்களை மூச்சுமுட்டும் லாரிகளில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டனை வேண்டும். காசு வாங்கியவரையும் வாங்காதவரையும் பிரித்துப் பார்ப்பது நீதிமன்றங்களால் முடியாத வேலை இல்லை. 1940இல்கூட செங்காலன் நீதிமன்றம் குரூனிங்கரின் தன்னலமற்ற நோக்கத்தைக் கண்டுகொண்டது. அண்டை நாடான பிரான்சில் 2018 ஜூலையில் அரசியல் சாசன மன்றம், சகோதரத்துவம் என்பது சாசனத்தின் கோட்பாடு, மனிதாபிமானத்தால் உதவுகிறவரைத் தண்டிப்பதில் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்று வருகிறவர்கள் 1938இன் யூதர்கள் அல்லர், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பதும் சரிதான். யூத இன அழிப்புக்கு நிகர் தேடுவது எனக்கும் விருப்பமில்லை. ஆனால் 1938இல் எல்லையில் நின்றவர்களை அன்றைய அதிகாரிகளும் அழியப்போகும் இனமாகப் பார்க்கவில்லை. வேண்டாத அயலாராகவே பார்த்தார்கள். வருகிறவர் யார் என்பதை முழுக்க அறிந்த பிறகு இரக்கம் காட்டலாம் என்று காத்திருக்க எல்லையில் நேரம் இருப்பதில்லை.

தமிழருக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து புகலிடம் தேடிப் போன பல்லாயிரம் தமிழர்கள் சுவிட்சர்லாந்தில் வேரூன்றியிருக்கிறார்கள். அதே ரைன் பள்ளத்தாக்கில், எல்லையை ஒட்டிய ஊரில், இன்று முருகன் கோயில் இருக்கிறது. குரூனிங்கரின் பெயரும் அந்த மாநிலத்தில் நிலைத்துவிட்டது: ப்ரூல் கழகத்தின் மைதானத்துக்கு 2006இல் அது வைக்கப்பட்டது. டீப்போல்ட்சௌவையும் ஹோஹெனெம்ஸையும் இணைக்கும் எல்லைப் பாலத்துக்கு 2012இல் அதே பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பாலத்தின் வழியாக, அனுமதித் தாள் இல்லாத ஓர் அகதியை எந்தக் கைம்மாறும் இல்லாமல் காரில் ஏற்றி அழைத்து வருபவர் மீது வழக்குப் போட இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவில் ஒரு வரி விலக்கு எழுதச் சுவிஸ் நாடாளுமன்றம் மறுபடி முன்வர வேண்டும். அங்கே வாக்குரிமை பெற்ற தமிழர்கள் அதைக் கேட்கிறவர்களோடு நிற்க வேண்டும்.